மாசியில் வந்த மழைப்பூசை

எங்கள் ஊர்க்காரர் கனடாவில், மொன்றியல் நகரத்தில் ஒருவரையொருவர் கண்டால் முதலில் கேட்பது சுகத்தை அல்ல, குளத்தை. "இண்டைக்கு எத்தினை அடி?" என்பார்கள். எந்தக் குளம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மன்னார்ப் பெருநிலத்தில், மலை குன்று இல்லாமல் அடிவானம் வரை வயலாகக் கிடக்கும் தரையில் எங்கள் ஊர் இருக்கிறது. ஊருக்கு ஒரு குளம். குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில் அடிக்கணக்குக் குறித்த ஒரு தூண் நிற்கிறது. காலையில் குளக்கட்டுப் பக்கம் போகிறவர் யாராவது அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஊர்க்குழுவில் போட்டுவிடுவார். நகரத்தின் இரண்டு பக்கங்களில், லாசாலிலும் மொன்றியல்-நோரிலும் இருக்கிற நாங்கள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் அதைப் பெரிதாக்கிப் பார்ப்போம். லாசாலில் நான் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து பெரிய ஆறு நடந்து போகிற தூரம்தான். அதில் இந்த வருடம் தண்ணீர் கூடவா குறைவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொல்லி எழுப்பினாலே புத்தகத்தால் முகத்தை மறைத்துவிடுவேன். சாதாரணதரத்தோடு படிப்பு நின்றது. இங்கே ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் பெரிய இடமொன்றில் வேலை. மிசின் இரைச்சலில் யாரும் யாரோடும் கதைக்கத் தேவையில்லை. அது எனக்கு வசதி. ஊர்க்குழுவில் கைகூப்பும் படத்தைத் தவிர நான் எதுவும் போட்டதில்லை. அப்படிப்பட்ட என்னுடைய பெயர் போன மாசியில் ஊர் முழுக்க அடிபட்டது. நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

அப்பாவின் வயலை அண்ணைதான் செய்கிறார். எங்கள் பக்கத்தில் ஐப்பசி மழைக்கு முன்னரே, காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிடுவார்கள். மழை சொன்ன நேரத்துக்கு வந்தால் பயிர் மழையிலேயே எழும்பிவிடும், குளத்துத் தண்ணீரைப் பின்னுக்கு மிச்சம் பிடிக்கலாம். மழை பிந்தினால் விதையைக் குருவியும் எறும்பும் கொண்டுபோகும். முந்தின வருடம் அப்படித்தான் போனது. இந்த முறை விதைக்கிறபோது அண்ணை சொன்னார்: "இதுவும் பிழைச்சுதெண்டால் வயலை விட்டிட்டு மன்னார் டவுனிலை ஏதும் கடைக்குக் காவல் நிக்கப் போறன் பிள்ளை. உடுப்பும் தருவாங்களாம், தொப்பியும் தருவாங்களாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தத் தொப்பியோடு அவரை நினைத்துப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் மழை விழுந்தது. நெல் முளைத்தது. பிறகு வானம் பேசாமல் இருந்துவிட்டது. கார்த்திகை பிறந்தும் மழை இல்லை. ஊர்க்குழுவில் வருகிற படத்தில் தூணின் அடிப்பாகம் முழுவதும் தெரியத் தொடங்கியது. ஒருநாள் வேலையிடத்தில் சாப்பாட்டு இடைவேளையில் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். சாப்பாட்டு அறையில் ஆட்கள் இருந்ததால் மிசின்கள் நிற்கும் பக்கத்துக்கு வந்து நின்று கதைத்தேன்.

"பச்சை பிடிச்சு வடிவாய் நிண்டது. இப்ப போய்ப் பாத்தா நூல் மாதிரிச் சுருண்டு கிடக்கு" என்றார்.

"குளத்திலை விடமாட்டினமே அண்ணை?"

"என்னத்தை விடுறது? தண்ணி துருசுக்குக் கீழை போயிட்டுது. கிடக்கிறது மாட்டுக்குத்தான் காணும்." பிறகு சட்டென்று, "அதென்ன சத்தம்? அங்கை மழை கொட்டுதோ?" என்று கேட்டார்.

எனக்குப் பின்னால் பெரிய மிசின்கள் மூன்றாம் முறையாகத் துணி அலசித் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டிருந்தன. "இல்லையண்ணை, மிசின்" என்றேன். அவர் "ஆ" என்று மட்டும் சொன்னார். அவ்வளவு தண்ணீரையும் நானே திறந்து விட்டதுபோல எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும், மழைக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுப்பது என்று தீர்மானித்தேன். எங்கள் பங்குக் கோயிலில் வாரத்துக்கு ஒரு தமிழ்ப்பூசை. யாருக்காக, எதற்காக என்று ஒரு பூசைக்கு ஒரு கருத்துத்தான் வாசிக்கலாம் என்பது முன்னிருந்த சுவாமி வைத்த ஒழுங்கு. கோயில் வாசலடியில் மேசை போட்டு இருக்கிற அக்காதான் கருத்துகளை எழுதுகிறவர். நல்ல மனிசி. ஆனால் கொஞ்சம் அதட்டலான குரல்.

"யாருக்கு? ஆண்டுத் திவசமோ?"

"இல்லை அக்கா. மழைக்கு."

"மழைக்கோ?" அவர் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். "கார்த்திகை முழுக்க மரிச்சவைக்குப் போட்டுது. மார்கழி நத்தார். தையிலை ஒரு இடமும் இல்லை. தவக்காலம் துவங்க ஒரு ஞாயிறு கிடக்கு, அதைப் போடட்டே?"

தவக்காலம் மாசியில். மழை கேட்டு மாசியில் பூசை வைப்பவர் உலகத்தில் உண்டா? அங்கே அப்போது நெல் வெட்டு நடக்கும். வெட்டு நேரத்தில் ஒரு தூறல் விழுந்தாலே வயல் செய்கிற கமக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொள்வான். இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. "அக்கா, இது அவசரம், வாற ஞாயிறு மன்றாட்டிலையாவது ஒரு வரி சேர்த்து விடுங்கோ" என்று சொல்லியிருக்கலாம். பின்னால் நின்றவர் ஒருமுறை இருமினார். "ஓம் அக்கா, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் இவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். இவர் யாழ்ப்பாண டவுன்காரர், கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர். "மழை எண்டால் எப்ப பெய்தால் என்ன? நல்லதுதானே" என்றார். இவருக்கு விளங்கப்படுத்தப் போனால் விதைப்பிலிருந்து தொடங்கவேண்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னுடைய பூசையை எதிர்பார்க்காமல் மார்கழியில் மழை தானாக வந்தது. கடலில் தாழமுக்கமாம். இரண்டு நாள் விடாமல் பெய்தது. சுருண்டு கிடந்த பயிரில் பாதி எழும்பியது, மற்றப் பாதிக்கு நாற்றுப் பிடுங்கி நட்டார்கள். குளம் ஏறிக்கொண்டே வந்து, கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு முதல்நாள் வான் பாய்ந்தது. மிஞ்சின தண்ணீர் வானால் வழிந்து விழுகிற அந்த வீடியோவை இங்கே எங்கள் ஊர் ஆட்கள் நத்தார் வாழ்த்துக்குப் பதிலாக ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். நானும் கைகூப்பும் படத்தை இரண்டு தரம் போட்டேன். மழைப்பூசையை அதோடு மறந்தேன். உண்மையில் மறந்தேபோனேன். அந்தக் குளிரில் வேலையிடத்தில் ஆட்கள் குறைவு, விடிய இருட்டில் போய்ப் பின்னேரம் இருட்டில் வருகிற நாட்கள்.

மாசியில் அண்ணை வயலின் படத்தை அனுப்பினார். கதிர் தலை சாய்ந்து, வயல் முழுவதும் ஒரே மஞ்சளாக நின்றது. அவர் அனுப்பிய குரல் செய்தியை நான் பஸ்ஸில் காதோடு வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "பாத்தியே? அப்பா செய்த காலத்திலைகூட இப்பிடி ஒரு விளைச்சல் இல்லை. வெட்டு மிசின் பள்ளப் பக்கம் வெட்டிக்கொண்டு வருது. செவ்வாய்க்கிழமை எங்கடை முறை. காவல்காரன் தொப்பியை வேற ஆருக்கும் குடுக்கச் சொல்லு."

சனிக்கிழமை பின்னேரம் கோயில் அக்கா எடுத்தார்.

"நாளைக்கு உம்மடை பூசை. காணிக்கைக்கு அப்பமும் திராட்சை ரசமும் நீர்தான் கொண்டு போகவேணும், தெரியுந்தானே?"

"என்ர பூசையோ?"

"மழைக்கு எண்டு குடுத்தனீரெல்லே? மறந்து போனீரே? நான் மறக்கமாட்டன்."

அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதாவது "அக்கா, மழை வந்திட்டுது, நன்றிப்பூசை எண்டு மாத்தி விடுங்கோ" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வசனம்தான். அவர் அவ்வளவு ஞாபகமாக எடுத்துச் சொன்னபிறகு, நான் மறந்துபோனேன் என்று காட்ட வெட்கமாக இருந்தது. "ஓம் அக்கா, வாறன்" என்றேன். நாளைக்குப் பூசைக்கு முன்னர் நேரே சுவாமியிடமே சொல்லிவிடுவோம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

சொல்லப்போனேன். சுவாமிமார் உடுப்பு மாற்றுகிற அறையின் கதவடியில் நின்றேன். பூசை வைக்கிறவர் சென்னையிலிருந்து புதிதாக வந்த இளம் சுவாமி. உதவிக்கு நிற்கிற பிள்ளைகள் பிரெஞ்சில் ஏதோ சண்டை பிடிக்க, அவர் அவர்களைச் சமாதானம் செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா! இன்னிக்கு உங்க பூசைதானே? ராத்திரி உட்கார்ந்து அதுக்குன்னே ஒரு பிரசங்கம் எழுதினேன். ஏதாச்சும் சொல்லணுமா?"

அதுக்கென்றே எழுதின பிரசங்கம். "ஒண்டுமில்லை சுவாமி" என்றேன்.

கோயில் நிறைந்த கூட்டம். எங்கள் ஊர்க்காரர் வழக்கம்போல இடதுபக்க வாங்குகளில் இருந்தார்கள். முன்னால் கமெரா நின்றது. பூசையை ஒவ்வொரு கிழமையும் இணையத்தில் விடுவார்கள், ஊரில் இருக்கிற சொந்தங்கள் காலையில் எழும்பிப் பார்ப்பார்கள். சுவாமி என் பெயரையும் ஊரின் பெயரையும் தெளிவாக, ஆறுதலாக வாசித்தார். மழை வேண்டி என்றார். இடதுபக்கம் தலைகள் திரும்பின.

"நம்ம சகோதரி வாயத் திறந்து பேசமாட்டாங்க. ஆனா அவங்க மனசு பூரா அவங்க ஊர்லதான் இருக்கு" என்று பிரசங்கத்தைத் தொடங்கினார். "நாம இங்க குழாயத் திறந்தா தண்ணி. அங்க வெடிச்சுப்போன பூமி. வானத்தப் பார்த்துக்கிட்டே நிக்கிற ஜனங்க. ஒரு குடம் தண்ணிக்காக மைல் கணக்கா நடக்கிற தாய்மார்..."

எங்கள் ஊரில் ஒரு குடம் தண்ணீருக்காக யாரும் நடப்பதில்லை. வளவுக்கு வளவு குழாய்க்கிணறு இருக்கிறது. குளத்தில் தண்ணீர் ததும்பி நிற்கிறது. நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் உருகின பனியோடு ஒட்டின உப்பு வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது.

"எல்லாரும் முழங்கால் போடுங்க. அந்த மக்களுக்காக செபமாலையில ஒரு பத்து மணி சொல்லுவோம். ஆண்டவர் வானத்தத் திறக்கணும்."

கோயில் முழுவதும் முழந்தாளில் இறங்கியது. எனக்குப் பின் வாங்கில் இருந்தவர் எங்கள் ஊர் ஆள், எனக்குச் சித்தப்பா முறை. அவரும் முழந்தாளில் நின்றபடி தன் மனைவியிடம் சொன்னது எனக்கு மட்டுமல்ல, சுற்றி இருந்த எல்லோருக்கும் கேட்டது: "ஐயோ, மிசின் வயலுக்கை நிக்குதப்பா! ஆராவது சுவாமிக்குச் சொல்லுங்கோவன்!"

அந்த ஆராவது நான்தான். எழும்பி நாலு அடி வைத்தால் சுவாமியின் காதில் சொல்லியிருக்கலாம். நான் எழும்பவில்லை. எல்லோரும் மழைக்காகச் செபித்தபோது, அந்தப் பூசையைக் கொடுத்த நான் ஒருத்தி மட்டும், "ஆண்டவரே, இவையள் கேக்கிறதைக் குடுத்துப்போடாதேயும்" என்று கண்ணை மூடிக்கொண்டு மன்றாடினேன். இப்படி ஒரு செபம் எங்கேயாவது நடந்திருக்குமோ தெரியாது.

திங்கட்கிழமை விடியற்காலையில் ஊரில் மழை தொடங்கியது.

அது தாழமுக்கம் என்று எனக்குத் தெரியும். வானொலியில் முதலே சொல்லியிருந்தார்களாம். மொன்றியலில் முழந்தாளில் நின்றதால் வங்காள விரிகுடா கலங்கவில்லை என்று என் மகளே எனக்குப் பாடம் எடுத்தாள். ஆனால் ஊர் ஆட்கள் எழும்பித் தொலைபேசியைத் திறந்தபோது முதலில் இருந்தது எங்கள் பூசை வீடியோ. கூரையில் மழை சடசடத்துக்கொண்டிருந்தது. சுவாமி "வானத்தத் திறக்கணும்" என்று கைகளை விரிக்கிற இடத்தை மட்டும் யாரோ வெட்டிக் குழுவில் போட்டார்கள். அதற்குக் கீழே, தெருவில் காயப்போட்ட நெல்லைப் படங்கால் மூடிக்கொண்டு ஆட்கள் ஓடுகிற வீடியோ. அதற்குக் கீழே குரல் செய்திகள். "மொன்றியலிலை பூசை வைச்சவை கொஞ்சம் பாத்துச் செய்திருக்கலாம்." "அவை கேட்டது போன வருசத்து மழையாம், இப்பதான் பார்சல் வந்திருக்கு." "முகவரி சரி, திகதிதான் பிழை." இரண்டாம் நாள் மழைக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. மொன்றியல் மழை.

குழுவில் எல்லோரும் எழுதினார்கள். அண்ணை எழுதவில்லை. செவ்வாய் வந்து போனது. வெட்டு மிசின் சேற்றில் புதைந்து நிற்கிற படத்தை யாரோ போட்டார்கள். அது எங்கள் வயலுக்கு அடுத்த வயல், வரம்பில் நிற்கிற வேப்பமரத்தைக் கொண்டு அடையாளம் பிடித்துவிட்டேன். மரத்துக்கு இந்தப் பக்கம் நெல் முழுவதும் தண்ணீருக்குள் படுத்துக்கிடந்தது.

எனக்கு எடுக்கத் துணிவு வரவில்லை. என்ன சொல்லி எடுப்பது? "மழையாமே" என்று கேட்பதா? "ஏன் எடுக்கிறீரில்லை?" என்று இவர் கேட்டார். "அவை கதைக்கிறதும் பகிடிக்குத்தானே. மழைக்கும் உமக்கும் என்ன?" எல்லோருக்கும் அது பகிடிதான் என்பது எனக்கும் தெரியும். பகிடிக்கு நடுவில் ஒரு வயல் படுத்துக்கிடந்தது.

கடைசியில் வெள்ளிக்கிழமை எடுத்தேன். மச்சாள், அண்ணையின் மனைவி, தொலைபேசியை எடுத்தார்.

"உங்கடை அண்ணை வயலிலை. அரிவாள் கொண்டு வெட்டினம்" என்றார். "மிசின் இறங்காதாம். இந்தக் காலத்திலை அரிவாள் பிடிக்கத் தெரிஞ்ச ஆக்களை எங்கை போய்ப் பிடிக்கிறது? அஞ்சாறு பேர் வந்தினம். தண்ணிக்கை நிண்டு வெட்டி, கதிரைக் கட்டித் தலையிலைதான் கொண்டு வருகினம்."

"வெயில் இல்லையே மச்சாள். எங்கை காயவைக்கிறது?"

"கோயிலுக்குள்ளை! எங்கடை சுவாமி வாங்கெல்லாத்தையும் ஒதுக்கித் தந்தவர். பீடத்தடி வரைக்கும் நெல்தான். எல்லா ஃபானும் போட்டுக் கிடக்கு. காலமைப் பூசைக்கு சனம் நெல்லுக்கு நடுவிலை ஒற்றையடிப் பாதையாலை போகுது." அவர் சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். "நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ. ஊருக்கை உங்களை ஒருத்தரும் இனி ஒண்டும் சொல்லாயினம். அவர்தான் குளக்கட்டிலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டார், நான்தான் தங்கச்சிக்குச் சொல்லிக் குடுப்பிச்ச பூசை, அவளுக்கு ஒண்டும் தெரியாது எண்டு."

அண்ணைக்கு அந்தப் பூசையைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை. மற்றவர்களைப்போல அவரும் வீடியோவில் பார்த்துத்தான் அறிந்திருப்பார். நான் "சரி மச்சாள்" என்று வைத்துவிட்டேன். அன்று வேலையிடத்தில் மடித்த விரிப்பையே திரும்பவும் மடித்துக்கொண்டு நின்றேனாம். பக்கத்தில் நிற்கிற ஹெய்ட்டிப் பெண் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போகாமல் விட்டிருக்கலாம். போகாவிட்டால் அதற்கும் ஒரு கதை வரும் என்று போனேன். பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேநீர். இரண்டு மூன்று பேர் தொடங்கினார்கள். "இந்த ஸ்னோ நிக்கிறதுக்கும் ஒரு பூசை குடுங்கோவன் அக்கா." "வேண்டாம், வேண்டாம், அது ஆடியிலைதான் பலிக்கும்." நான் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு கோப்பையைப் பிடித்திருந்தேன். அதுவரை தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. அப்போது சித்தப்பா ரோல்ஸைக் கடித்தபடி வந்தார்.

"அவளை விடுங்கோடா, அவள் பாவம். இப்ப ஆள் ஆரெண்டு தெரிஞ்சிட்டுது. உன்ர அண்ணர்தானாமே சொல்லிக் குடுப்பிச்சவர்? எட, ஒரு கமக்காரன் வெட்டு நேரத்திலை மழைக்குப் பூசை குடுப்பானே? தகப்பன் எவ்வளவு பெரிய கமக்காரன்! இவருக்கு மாசி எது மார்கழி எது எண்டு தெரியேல்லை!"

மண்டபமே சிரித்தது. எங்கள் ஊர் ஆட்கள்தான் கூடுதலாகச் சிரித்தார்கள், அவர்களுக்குத்தான் அந்தப் பகிடியின் முழு ருசியும் தெரியும். எங்கள் ஊரில் ஒருவனைக் கள்ளன் என்று சொன்னால்கூட ஒரு கிழமையில் மறந்துபோகும். பருவம் தெரியாத கமக்காரன் என்று பெயர் எடுத்தால் பிள்ளைகளின் காலம் வரை இருக்கும்.

"இல்லை" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. கோப்பையை மேசையில் வைத்தேன். "இல்லை சித்தப்பா! அண்ணைக்கு ஒண்டும் தெரியாது. அவர் பொய் சொல்லியிருக்கிறார். நான்தான் கார்த்திகையிலை குடுத்தனான், மாசியிலைதான் இடம் கிடக்கு எண்டிச்சினம், வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வெட்கம். பேந்து மாத்தச் சொல்லவும் வெட்கம். சுவாமியிட்டைப் போய்க் கதவடியிலை நிண்டிட்டு ஒண்டும் சொல்லாமல் வந்தனான். அண்ணைக்கு மாசியும் தெரியும் மார்கழியும் தெரியும்."

இவ்வளவையும் நான் கத்தினதாக மகள் பிறகு சொன்னாள். வாசலில் கருத்து எழுதுகிற அக்கா தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய முகத்தைப் பார்த்ததும், கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால் அவரையும் குற்றம் சொன்னதுபோல ஆகிவிட்டதே என்று இன்னொரு வெட்கம் வந்து ஏறியது. சித்தப்பா வாயில் இருந்த ரோல்ஸை விழுங்கினார். "சரி பிள்ளை, சரி. நான் பகிடிக்கெல்லே சொன்னனான்" என்றார். நான் குளிர்ச்சட்டையைக் கூடப் பூட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் அது ஊருக்குப் போய்விட்டது. அடுத்தநாள் காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் அண்ணை எடுத்தார். ஊரில் அப்போது பின்னேரம்.

"எடி, என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?"

"அண்ணை..."

"ஊருக்கை நான் மரியாதையாய் ஒரு பொய் சொல்லி வைச்சிருக்கிறன். நீ அங்கை மண்டபத்திலை நிண்டு அண்ணை பொய்யன் எண்டு கத்தியிருக்கிறாய். பருவம் தெரியாதவன் எண்டாலும் பரவாயில்லை. இப்ப பொய்யனுமெல்லே?"

எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மா தன் பையை நகர்த்தி எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார். "ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

"பின்னை? அவங்கடை வாய் உனக்குத் தாங்குமே? நான் தோல் தடிச்சவன்." பிறகு, "மெய்யே, எல்லாரும் முழந்தாளிலை நிண்டவையே?" என்று கேட்டார்.

"ஓம்."

"எங்கடை ஊருக்கெண்டு?"

"ஓம் அண்ணை. கோயில் நிறைய."

"அவ்வளவு பேர் கேட்டால் அவர்தான் என்ன செய்யிறது" என்றார்.

நெல்லைப் பற்றிக் கேட்டேன். பள்ளப் பக்கத்து நெல் கதிரிலேயே முளைத்துப்போனதாம், அது மாட்டுக்கும் தாராவுக்கும். மேட்டுப் பக்கத்து நெல் கோயிலுக்குள் காய்ந்துவிட்டது, அவித்தால் சாப்பிடலாம், ஆனால் கறுத்துப்போனதால் ஒருவரும் வாங்கமாட்டார்கள். விதைக்கு ஒரு மணியும் மிஞ்சவில்லை. குளத்துக்காவது நல்லதா என்றேன். "நிரம்பின குளத்துக்கு மழை பெய்து என்ன? எல்லாம் வானாலை கடலுக்குப் போச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. காவல் வேலையைப் பற்றிக் கேட்க நினைத்தேன், மச்சாளின் சுகத்தைக் கேட்டேன்.

"சரி, நான் சிறுபோகக் கூட்டத்துக்கு வந்திட்டன். வாசலிலை நிக்கிறன். உள்ளை எல்லாரும் இருக்கிறாங்கள், சிரிக்கப் போறாங்கள். பேந்து எடுக்கிறன்."

கோடையில் குளத்துத் தண்ணீரை வைத்து யார் யார் எவ்வளவு விதைப்பது என்று தீர்மானிக்கிற கூட்டம் அது. அண்ணை தொலைபேசியை வைக்கவில்லை. வைத்ததாக நினைத்துச் சட்டைப் பையில் போட்டிருக்கவேண்டும். துணி உரசுகிற சத்தம் கேட்டது. நான் வைத்திருக்கவேண்டும். வைக்கவில்லை.

"வாறார் மொன்றியல் பூசைக்காரர்!" என்று ஒரு குரல். பெரிய சிரிப்பு. "பூசைக்காரர் இல்லையப்பா, தங்கச்சியின்ர சட்டத்தரணி" என்று இன்னொரு குரல். அண்ணையும் சிரித்தது கேட்டது. நான் அறிந்த அவருடைய சிரிப்பு அல்ல அது. ஆட்களுக்கு நடுவில் இருக்கும்போது சிரிக்கிற சிரிப்பு. கதிரை இழுபட்டது. நெடுநேரம் யாரோ உத்தியோகத்தர் அளவுகள் வாசித்துக்கொண்டு போனார், ஒன்றும் விளங்கவில்லை. ஒட்டுக்கேட்கிறோம் என்ற வெட்கத்தில் என் காது சூடாகிவிட்டது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அண்ணையின் பெயர் கூப்பிடப்பட்டது.

"சிறுபோகத்துக்கு உங்கடை பேரைப் போடுறதோ, விடுறதோ? காவல் வேலைக்குப் போறதெண்டு கதைச்சனீங்கள்."

அண்ணையின் கதிரை கிரீச்சிட்டது. நான் தொலைபேசியைக் காதோடு இன்னும் அழுத்தினேன்.

"போடுங்கோ" என்றார்.

"விதைநெல் இல்லையே உமக்கு. முளைச்சுப் போச்செல்லே?" என்று பக்கத்தில் ஒருவர்.

"ஆரும் தருவினம். போடுங்கோ."

"நான் தாறன்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னது கேட்டது. "ஆனால் ஒரு கண்டிசன். தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதை." திரும்பவும் எல்லோரும் சிரித்தார்கள். இந்தமுறை அண்ணை சிரித்தது அவருடைய சொந்தச் சிரிப்பு. நான் மெல்லத் தொலைபேசியை வைத்தேன், அங்கே யாருக்கும் கேட்டுவிடும் என்பதுபோல.